ஓன்ஃபிம் என்ற பையனின் கிறுக்கல்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் தனியாக ஒரு ஸ்கெட்ச் புக் வைத்திருக்கிறார்கள். ஆவி பறக்கும் டீ கப், சன்னலோரத்தில் சுருண்டு தூங்கும் பூனை, மழை, பூந்தொட்டி என்று சின்னச் சின்னதாக வரைகிறார்கள். 'டூடுல்' என்று பெயராம். பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள்: "இதனால் என்ன பிரயோஜனம் சார்? அந்த நேரத்தில் நாலு கணக்குப் போடலாமே?"

அவர்களுக்கு நான் சொல்வது ரஷ்ய நாட்டுச் சிறுவன் ஒருவனின் வரலாறு.

ரஷ்யாவின் வடமேற்கில் வோல்கவ் ஆற்றங்கரையில் நோவ்கோரோட் என்ற பழைய வணிக நகரம் இருக்கிறது. ஈரமான, சேறு நிறைந்த மண். அந்தக் காலத்தில் தெருவுக்கே மரம் பாவியிருந்தார்கள். அது சேற்றில் அமிழ அமிழ, மேலே புதிதாகப் பாவினார்கள். ஒரு தெருவில் மட்டும் இப்படி 28 அடுக்குகள்! அந்த மரங்களின் வளையங்களை எண்ணித்தான் எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று கணிக்கிறார்கள். காற்றுப் புகாத அந்த ஈர மண்ணில் மரமும் தோலும் மரப்பட்டையும் மக்காமல் கிடந்தன.

அங்கே ஆர்த்சிகோவ்ஸ்கி என்ற பேராசிரியர் தலைமையில் அகழாய்வு நடந்தது. 1951 ஜூலை 26 அன்று நீனா அகூலோவா என்ற தொழிலாளிப் பெண்மணியின் கையில் சுருண்ட பிர்ச் மரப்பட்டை ஒன்று கிடைத்தது. விரித்தால் உள்ளே எழுத்து! பிறகு நோவ்கோரோடில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துவிட்டன. பெரும்பாலும் கடன் கணக்கு, சரக்கு விவரம், வீட்டுக் கடிதம் போன்றவை. மை கிடையாது. எலும்பாலோ உலோகத்தாலோ செய்த கூர்முனைக் குச்சியால் கீறி எழுதினார்கள். நம் எழுத்தாணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

1956 கோடையில் ஒரே இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட பட்டைகள் கிடைத்தன. எல்லாம் ஒரு பையனுடையவை. பெயர் ஓன்ஃபிம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தவன். வயது ஆறோ ஏழோ இருக்கும் என்பது அறிஞர்கள் கணிப்பு.

அவனுடைய பாடம் நமக்குப் பழகியதுதான். முதலில் அகரவரிசை. அடுத்து நம் உயிர்மெய் வரிசை மாதிரி, ஒவ்வொரு மெய்யோடும் 'அ' சேர்த்து ஒரு வரிசை, 'எ' சேர்த்து ஒரு வரிசை. அதற்கப்புறம் பிரார்த்தனை வாசகம், கடிதம் தொடங்கும் முறை.

ஒரு பட்டையில் அகரவரிசையைத் தொடங்குகிறான். பதினோரு எழுத்து வரை ஒழுங்காகப் போகிறது. அதோடு சலித்துவிட்டது போலும்! மீதி இடத்தில் குதிரைமேல் ஒரு வீரன், கீழே விழுந்த எதிரியை ஈட்டியால் குத்துகிறான். வீரனுக்குப் பக்கத்தில் 'ஓன்ஃபிம்' என்று பெயரும் எழுதிவிட்டான்.

இன்னொன்று, பழைய பட்டைப் பெட்டியின் அடிப்பாகம். ஒரு பக்கம் பாடம். மறுபக்கம் நீண்ட கழுத்தும் சுருண்ட வாலும் உள்ள ஒரு மிருகம். வாயிலிருந்து என்னவோ பீறிடுகிறது. 'நான் ஒரு மிருகம்' என்று அதுவே சொல்வதுபோல எழுதியிருக்கிறான். கூடவே தனிலோ என்பவனுக்கு ஒரு வணக்கம். பக்கத்தில் உட்கார்ந்து படித்த கூட்டாளியாக இருக்கலாம். அவன் வரைந்த மனிதர்களின் கைகள் வைக்கோல் வாரி மாதிரி இருக்கும். ஒரு கைக்கு மூன்று விரல், இன்னொரு கைக்கு வேறு கணக்கு!

அவன் வாழ்ந்த காலத்தையும் பாருங்கள். 1238இல் மங்கோலியப் படை நோவ்கோரோடை நோக்கி வந்து, நகரை எட்டாமலே திரும்பியது. 1240இல் சுவீடன்காரர்களோடு நேவா ஆற்றங்கரையில் சண்டை. 1242இல் உறைந்த ஏரியின்மேல் ஜெர்மானிய வீரர்களோடு போர். இரண்டிலும் நோவ்கோரோட் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி. வரலாற்று நூல்களில் இவையெல்லாம் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த ஒரு பொடியன் தன்னைக் குதிரைவீரனாக எண்ணிப் பூரித்தான் என்பதை அந்தப் பட்டைதான் நமக்குச் சொல்கிறது.

இதைத்தான் பெற்றோர் யோசிக்க வேண்டும். ஓன்ஃபிம் எழுதிய அகரவரிசை, வாத்தியார் சொல்லிக்கொடுத்தது. அந்த ஊரில் படித்த எல்லாப் பிள்ளைகளும் அதையேதான் எழுதியிருப்பார்கள். குதிரையும் மிருகமும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் மனசிலிருந்து வந்தவை. அவன் பட்டையில் எழுத்து மட்டும் இருந்திருந்தால், 'இக்காலத்தில் கல்வி இருந்தது' என்று ஒரு வரியோடு முடிந்திருக்கும். கிறுக்கியதால்தான் எழுநூறு ஆண்டு கழித்தும் ஒரு குழந்தையாக நம் முன்னால் நிற்கிறான்.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பியதும் யானையும் தேரும் வரைந்த பயல்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். மணலை ஒரு தடவு தடவினால் எல்லாம் போச்சு. நமக்கென்று ஓர் ஓன்ஃபிம் மிஞ்சவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறை ஓர் அப்பா மகனின் கணக்கு நோட்டோடு வந்தார். கடைசி நாலு பக்கமும் பஸ் படம். "கண்டியுங்க சார்" என்றார். நான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பஸ்ஸின் நெற்றியில் அந்த அப்பா தினமும் வேலைக்குப் போகும் ஊரின் பெயர். "இது நீங்க போற வண்டி ஐயா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆகவே வருடக் கடைசியில் பழைய நோட்டுகளை எடைக்குப் போடும்முன் கடைசிப் பக்கங்களை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பிள்ளை வரைந்ததில் ஒன்றிரண்டையாவது தேதி போட்டு எடுத்து வையுங்கள். கணக்கையும் போடச் சொல்லுங்கள், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்!

என் வகுப்பில் படித்தவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன வரைந்தீர்கள்? கீழே எழுதுங்கள். பலருடையது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்