கனவு போலத் தோன்றும் கறார்க் கணக்கு

ஆடுபவரின் கண்ணே கேமராவாக நிற்கும் வீடியோ கேம்களில் ஒரு தனிக் கிளை உண்டு. அதில் சுட்டு வீழ்த்த எதிரி கிடையாது, ஓட்ட வண்டி கிடையாது, பேச்சுத் துணைக்குக்கூட அநேகமாக ஆள் கிடையாது. வெறிச்சோடிய மண்டபம், எங்கே முடிகிறதென்று தெரியாத படிக்கட்டு, பக்கவாட்டுச் சுவரே தரையாகிவிடும் அறை. நடுவே ஒரு புதிர், ஒரு தாவல். பெரும்பாலும் தனியொருவரோ சிறு குழுவோ செய்தவை. ‘ஆன்டிசேம்பர்’, ‘நெய்சான்ஸ்’, ‘மேனிஃபோல்ட் கார்டன்’, ‘சூப்பர்லிமினல்’ ஆகியவை இந்தக் கிளையில் பேர்பெற்றவை. இவற்றை ஆடி முடித்தவர்கள் பலரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: கனவு கண்ட மாதிரி இருந்தது என்கிறார்கள். அனுபவத்தின் சாட்சியமாக அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த ஆட்டங்கள் எப்படிப் பிறந்தன, அவற்றுக்குள் ஆடுபவர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறார் என்று பார்த்தால் நேர் எதிரான முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. கனவில் எந்த விதியும் அடுத்த நொடிவரை நிற்பதில்லை. இந்த ஆட்டங்களோ உலக விதிகளில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மாற்றிய விதியை நிஜ உலகைவிடக் கறாராகக் காக்கின்றன. நமக்கு விசித்திரமாகத் தெரிவது அந்தக் கறாரின் விளைவு. இவற்றின் வரலாறு நெடுக அதற்குச் சான்று கிடைக்கிறது.

தொடக்கத்திலிருந்தே இது கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம். 1973-74இல் அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இம்லாக் என்னும் சிறு கணினியில் உருவான ‘மேஸ் வார்’ ஆட்டத்தில், ஒரு புதிர்ப்பாதைக்குள் கட்டம் கட்டமாக நகரலாம், 90 பாகை மட்டுமே திரும்பலாம். கோடுகளால் ஆன அந்தத் தாழ்வாரமே ‘நான் உள்ளே இருக்கிறேன்’ என்ற உணர்வைத் தரப் போதுமானதாக இருந்தது. 1993இல் வந்த ‘டூம்’ அந்த உணர்வை உலகம் முழுக்கக் கொண்டுசென்றது. ஆனால் அதை இயக்கும் மென்பொருளான என்ஜினால் ஓர் அறைக்கு மேல் இன்னொரு அறையைக் கட்ட முடியாது. அடிப்படையில் அது ஒரு தட்டை வரைபடம். மூன்றாண்டு கழித்து ‘டியூக் நியூகெம் 3டி’க்குப் பயன்பட்ட பில்ட் என்ஜின், அறைகளை அவை இருக்கும் இடத்தை வைத்து அல்லாமல், எந்த அறை எந்த அறையோடு சேர்கிறது என்ற தொடர்பை வைத்தே நினைவில் கொண்டது. அதனால் இரண்டு அறைகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தாலும் என்ஜினுக்குக் கவலையில்லை. அந்த ஆட்டத்தின் ‘லூனாட்டிக் ஃப்ரிஞ்ச்’ என்ற ரகசிய லெவலில் ஒரு வட்டத் தாழ்வாரம் இருக்கிறது. 360 பாகை சுற்றினால் புறப்பட்ட இடம் வராது, 720 பாகை சுற்றினால்தான் வரும். நிஜத்தில் கட்டவே முடியாத அந்த இடம் யாருடைய ஆழ்மனத்திலிருந்தும் வரவில்லை. என்ஜினின் பதிவேட்டில் அப்படி ஒரு கணக்கு சாத்தியமாக இருந்தது, அதை ஒரு வடிவமைப்பாளர் பயன்படுத்திக்கொண்டார்.

‘டூம்’ வந்த அதே 1993இல்தான் ‘மிஸ்ட்’டும் வந்தது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களின் சயான் நிறுவனம் அதை மெக்கின்டாஷ் கணினியின் ஹைப்பர்கார்டு மென்பொருளைக் கொண்டு செய்தது. நகரும் காட்சிக்குப் பதில் அசையாப் படங்கள். ஒன்றைச் சொடுக்கினால் அடுத்தது. ஆளில்லாத தீவு, கரையோரம் பிரம்மாண்டமான பற்சக்கரங்கள், மூழ்கிய கப்பல். ஆட்டத்தின் பெட்டிக்குள்ளேயே ஒரு வெற்றுக் குறிப்பேடும் வைத்துக் கொடுத்தார்கள். இந்தச் சின்னச் செய்தி கவனிக்கத்தக்கது. எந்த விசையைத் திருப்பினால் எந்தக் கதவு திறக்கிறது, எந்த ஓசை எங்கே கேட்டது என்று குறித்துவைத்தால்தான் முன்னே போக முடியும். ஒருமுறை குறித்த விடை மறுமுறையும் செல்லும் என்ற உத்தரவாதம் இல்லாவிட்டால் குறிப்பேட்டுக்கே வேலையில்லை. பார்வைக்குக் கனவாக இருந்த தீவு, ஆடும்போது கணக்கு நோட்டைக் கேட்டது. 60 லட்சத்துக்கும் மேல் விற்ற இந்த ஆட்டம், 2002இல் ‘தி சிம்ஸ்’ முந்தும்வரை கணினி ஆட்டங்களின் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது.

புதிருக்குக் குறிப்பேடு போதும், தாவலுக்கு அப்படியில்லை. ஆடுபவரின் கண்ணே கேமரா என்றால் அவருடைய கால் அவருக்குத் தெரியாது. கால் தெரியாமல் விளிம்பில் நின்று குதிப்பது எப்படி? 1995இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஜப்பானிய ஆட்டமான ‘ஜம்பிங் ஃப்ளாஷ்’ இதற்கு ஒரு வழி சொன்னது. அதில் நாம் ஓர் இயந்திர முயல். அந்தரத்திலேயே மேலும் இருமுறை எம்பலாம். அப்படி எம்பும்போது பார்வை தானாகக் கீழே சாய்ந்து, நம் நிழல் எந்த மேடையில் விழுகிறது என்று காட்டும்; நிழலைப் பார்த்து இறங்க வேண்டியதுதான். இந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் தாவல் வெறுப்பையே சம்பாதித்தது. 1998இன் ‘ஹாஃப்-லைஃப்’ கொண்டாடப்பட்ட ஆட்டம்தான்; ஆனால் அதன் கடைசியில் வரும் ஸென் என்ற அந்நிய உலகத்தின் தாவல்களை இன்றும் குறை சொல்கிறார்கள். 2008இன் ‘மிரர்ஸ் எட்ஜ்’ மாடிக்கு மாடி தாவுபவருக்குத் தலை சுற்றாமல் இருக்கத் திரையின் நடுவில் ஒரு சிறு புள்ளியை வைத்தது. கண்ணே கேமராவான ஆட்டத்தில் உடல் எளிதில் ஏமாறும், ஏமாந்தால் குமட்டும். ஆகவே இந்த வகையில் விதி கறாராக இருப்பது அழகியல் விருப்பம் மட்டுமன்று. ஆடுபவரின் வயிறும் அதைத்தான் கேட்கிறது.

தாவலையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டவர்கள் டிஜிபென் கல்லூரி மாணவர்கள். 2005இல் அவர்கள் செய்த ‘நார்பாகுலர் டிராப்’ ஆட்டத்தின் இளவரசிக்கு முழங்காலே கிடையாது. அதனால் குதிக்க முடியாது. ஒரு சுவரில் ஒரு வாசல், இன்னொரு சுவரில் மற்றொரு வாசல். இதற்குள் நுழைந்து அதன் வழியே வெளியே வருவதுதான் அவளுக்கு வழி. இதைப் பார்த்த வால்வ் நிறுவனம் அந்தக் குழுவை அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007இல் ‘போர்ட்டல்’ வந்தது. அதில் மாறியிருக்கும் விதி ஒன்றே: இரண்டு வாசல்களுக்கு நடுவே தூரம் இல்லை. மற்றதெல்லாம் பள்ளிக்கூட இயற்பியல். உயரத்திலிருந்து தரையிலுள்ள வாசலுக்குள் விழுந்தால், விழுந்த வேகத்தோடே சுவரிலுள்ள வாசல் வழியாக எறியப்படுவோம். வாசல் எந்தப் பரப்பில் திறக்கும், எதில் திறக்காது என்பது நிறத்திலேயே தெரியும்: வெளிர் கான்கிரீட்டில் திறக்கும், கறுத்த உலோகத்தில் திறக்காது. அந்தச் சோதனைக்கூடத்தின் வெறுமை ஆடுபவர்களுக்கு அமானுஷ்யமாகப்பட்டது. அந்த வெறுமைக்கு ஒரு காரியமும் இருந்தது. விதியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படக்கூடாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 1998இல் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘எல்எஸ்டி: ட்ரீம் எமுலேட்டர்’ இருக்கிறதே? ஒசாமு சாட்டோ என்ற கலைஞர், ஹிரோகோ நிஷிகாவா என்பவர் பல ஆண்டுகள் எழுதிவந்த கனவுக் குறிப்புகளை வைத்து அதைச் செய்தார். அதில் இலக்கு கிடையாது, புதிர் கிடையாது. எதைத் தொட்டாலும் வேறோர் இடத்துக்குப் போய்விடுவோம். ஒரு கனவு பத்து நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. இது உண்மையிலேயே கனவு, விதியில்லாத விசித்திரம். அதற்கு இன்றும் பக்தர்கள் இருக்கிறார்கள். மறுப்பு நியாயமானதுதான், ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, அந்த ஆட்டத்துக்கே உள்ளே ஒரு பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு கனவின் முடிவிலும் அதன் மனநிலை ஒரு வரைபடக் கட்டத்தில் புள்ளியாக விழும். அது அடுத்தடுத்த கனவுகளைப் பாதிக்கும். கனவைச் செய்ய முயன்றவரும் கணக்கில்லாமல் செய்ய முடியவில்லை. இரண்டாவது, அதற்குப் புகழ் கிடைத்தாலும் வாரிசுகள் குறைவு. ‘போர்ட்டல்’ பாணியில் ஒரு விதியை மாற்றிச் செய்த ஆட்டங்கள் அடுத்த பத்தாண்டில் வரிசையாக வந்தன.

அந்த வரிசைக்கு வழிவிட்டது கருவிகளின் விலை. 2009இன் பிற்பகுதியில் யூனிட்டி என்ஜினின் இலவசப் பதிப்பும், அன்ரியல் என்ஜினின் இலவச மேம்பாட்டுத் தொகுப்பும் அடுத்தடுத்து வந்தன. 2003இல் தொடங்கிய ஸ்டீம் அதற்குள் ஓர் இணையக் கடையாகிவிட்டிருந்தது. கடை அலமாரியில் பெட்டி வைக்க வசதியில்லாதவர்களும் அங்கே சரக்கை வைக்கலாம். ஆஸ்திரேலியரான அலெக்சாண்டர் புரூஸ் ‘அன்ரியல் டோர்னமென்ட்’ ஆட்டத்தின் மாற்று வடிவமாகத் தொடங்கிய வேலையை ஆண்டுக்கணக்கில் செதுக்கி, 2013 ஜனவரி 31 அன்று ‘ஆன்டிசேம்பர்’ என்று வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் ஒரு பள்ளம். ‘குதி’ என்று ஒளிரும் எழுத்து. குதித்தால் விழுவோம். குதிக்காமல் நடந்தால் காலடியில் தரை உண்டாகும். இன்னோர் இடத்தில் மேலே ஏறும் சிவப்புப் படி ஒன்று, கீழே இறங்கும் நீலப் படி ஒன்று. எதில் போனாலும் திரும்ப இதே இடம். வந்த வழியே திரும்பினால் மட்டும் புதுப் பாதை தெரியும். முதல் பத்து நிமிடம் ஆடுபவருக்கு எரிச்சல். இது நம்மைக் கேலி செய்கிறது என்று தோன்றும். பிறகு ஒரு விதி பிடிபடும்: இங்கே இடம் என்பது எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்ததன்று, எதைப் பார்த்தோம், எப்படி வந்தோம் என்பதைப் பொறுத்தது. பிடிபட்டபின் ஆட்டம் ஒருமுறைகூட ஏமாற்றுவதில்லை. 720 பாகைத் தாழ்வாரத்தில் ஒரு விந்தையாக இருந்தது இங்கே ஒரு முழு உலகத்தின் இலக்கணமாகிவிட்டது.

இதெல்லாம் பணமில்லாதவர்களின் சமாளிப்புதானே, ஆள் செய்யக் காசில்லை, மரம் செய்யக் காசில்லை, அதனால் வெள்ளைச் சுவரை நிறுத்திவிட்டுச் சர்ரியலிசம் என்று பெயர் சூட்டுகிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. பிறப்பைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. ஒரே ஆள் ஒரு நகரத்தைச் செய்ய முடியாது. ஒரு விதியை மாற்றி அதன் விளைவுகளைக் கடைசிவரை துரத்திப்போக முடியும். ஆனால் ஏழ்மை மட்டுமே காரணமென்றால் காசு வந்ததும் வெறுமை போயிருக்க வேண்டும். வால்விடம் காசு இருந்தது, ‘போர்ட்டல்’ வெறுமையாகவே இருந்தது. ஜோனதன் புளோ தன் ‘பிரெய்ட்’ ஆட்டத்தில் சம்பாதித்ததைப் போட்டு 2016இல் வெளியிட்ட ‘தி விட்னஸ்’ வண்ணம் கொழிக்கும் தீவுதான். ஆனால் அதிலுள்ள 500க்கும் மேற்பட்ட புதிர்களும் ஒரே ஒரு செயலால், ஆரம்பப் புள்ளியிலிருந்து கோடு இழுப்பதால் ஆனவை. ஆடியவர்கள் மீண்டும் தாளும் பேனாவும் எடுத்தார்கள்.

ஓவியர் எஷர் இதையெல்லாம் எப்போதோ வரைந்துவிட்டாரே என்பது அடுத்த மறுப்பு. மூன்று திசைகளில் ஈர்ப்பு இயங்கும் அவருடைய ‘ரிலேட்டிவிட்டி’ 1953இல் வந்தது. வில்லியம் சிர் என்ற கலைஞர், பலூன்களால் பெரிய சிற்பங்கள் செய்துகொண்டிருந்தவர், 2012இல் தொடங்கிய ஆட்டத்துக்கு முதலில் அந்த ஓவியத்தின் பெயரையே வைத்திருந்தார். 2019இல் அது ‘மேனிஃபோல்ட் கார்டன்’ என்று வெளிவந்தது. ஆனால் ஓவியத்துக்கு ஒரு கோணம் போதும். பார்ப்பவர் வெளியே நிற்கிறார். ஆட்டத்திலோ பார்ப்பவர் உள்ளே நடக்கிறார், எந்த மூலையிலிருந்தும் திரும்பிப் பார்ப்பார். எல்லாக் கோணத்திலும் விதி செல்ல வேண்டும். ஆறு திசைக்கும் ஆறு நிறம், எந்தச் சுவரில் நிற்கிறோமோ அந்தத் திசையின் நிறம் கண்ணில் படும். கட்டடங்கள் எல்லாப் பக்கமும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருவதால், விளிம்பிலிருந்து விழுந்தால் அதே கட்டடத்தின் மேலேயே வந்து இறங்கலாம். ‘ஜம்பிங் ஃப்ளாஷ்’ காலத்திலிருந்து தொடர்ந்த விழும் பயம் இங்கே போக்குவரத்தாகிவிட்டது. அதே ஆண்டில் வந்த ‘சூப்பர்லிமினல்’ இந்த வாதத்துக்கு இன்னும் நேரான சான்று. அதன் கதையே ஒரு கனவுச் சிகிச்சைக்குள் நடக்கிறது. ஆனாலும் விதி ஒன்றுதான்: ஒரு பொருள் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவே பெரிது. சதுரங்கக் காய் ஒன்றைக் கையில் எடுத்து, தூரச் சுவரைப் பார்த்தபடி விட்டால் அது ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்து விழும்.

எஞ்சியிருப்பது ஆடுபவர்களின் மனத்தாங்கல்: வழி தெரியவில்லை, தனிமை அழுத்துகிறது, தாவல் சரியாக வாய்க்கவில்லை. 2014இல் வந்த ‘நெய்சான்ஸ்’ இதற்கெல்லாம் பேர்போனது. மனித அளவை மீறிய இருண்ட கட்டடங்கள்; ஓடும்போது மூச்சு விடும் தாளத்துக்கு ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், தவறினால் கால் தளரும். பிரம்மாண்டத்தை வியந்தவர்களே அதன் துல்லியத் தாவல்களைத் திட்டினார்கள். இந்த இரண்டு எதிர்வினைகளையும் முரணாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூச்சின் விதி தெளிவாக இருந்த இடத்தில் அவர்கள் அந்த உலகத்துக்குள் இருந்தார்கள். விளிம்பு எங்கே முடிகிறதென்று தெரியாத இடத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள். ‘டியர் எஸ்தர்’, ‘புரோட்டியஸ்’ போன்று புதிரே இல்லாமல் நடக்க மட்டும் விடும் ஆட்டங்கள் வேறு வகை அனுபவம். அவை நிலக்காட்சியையும் குரலையும் இசையையும் நம்புகின்றன. புதிரும் தாவலும் கேட்கும் ஆட்டத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே ‘கனவு மாதிரி’ என்ற பாராட்டை இந்த ஆட்டங்களின் வடிவத்துக்கான விளக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த விதியை மாற்றினார்கள், கடைசிவரை அதைக் காப்பாற்றினார்களா என்ற இரண்டு கேள்விகள்தான் இவற்றுக்கான உரைகல். இந்த வகையில் புதிதாக ஒன்றை ஆடுபவர் முதல் அரைமணி நேரத்துக்குள் முதல் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க முடியாவிட்டால், குற்றம் பெரும்பாலும் அவருடையதாக இருக்காது.