நூறு சான்றுகள்

சமய மாநாடு கூட்டுவோர்க்குப் பெருங்கவலை தருவது பிரதிநிதிகளின் வழிச்செலவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் திருச்சபையினர் இதற்குக் கண்ட வழி அறியத்தக்கது.

அங்கே ரயில்வேக்கள் தனியார் கம்பெனிகளுக்கு உரியவை. 1887-ஆம் ஆண்டின் மாநிலங்களிடை வாணிபச் சட்டம் ஆளுக்கொரு கட்டணம் வாங்குவதைத் தடுத்தது. ஆயினும் சமய குருமார்க்கும் உல்லாசப் பயணச் சீட்டுகளுக்கும் சலுகை காட்ட இடமளித்தது. மாநாட்டுச் செயலாளர்கள் கம்பெனிகளின் கூட்டுச் சங்கங்களோடு பேசிப் பெற்றது சான்று முறை.

பிரதிநிதி முழுக் கட்டணம் செலுத்திப் புறப்படுவார். சீட்டு வாங்கும்போதே ஒரு சான்றும் கேட்டுப் பெறுவார். மாநாட்டுச் செயலாளர் அதில் கையொப்பமிட்டால், திரும்பும் கட்டணம் மூன்றில் ஒரு பங்கே. போக வரச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் பெரும்பாலும் நூறு சான்றுகளாவது சேர்ந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. தொண்ணூறே சேர்ந்தால் அத்தொண்ணூறு பேரும் முழுக் கட்டணத்தோடுதான் வீடு திரும்புவர்.

ஆகவே, அருகிலிருந்து வந்த செல்வர் சான்று கேட்க மறந்தால், தொலைவிலிருந்து வந்த எளியவர் கை நட்டப்படும். 'சான்று கேட்க மறவாதீர்' என்று சபைப் பத்திரிகைகள் அறிவித்ததன் காரணம் இதுவே. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பதை அவர்கள் ரயில் நிலையத்திலேயே கற்றனர்.