படத்தில் இல்லாத முறிவு

போன வருஷம் மழையில ஸ்கூட்டர் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேல எலும்பு நல்லாத்தான் இருந்துச்சு. அப்பாடான்னு எழுந்தா, டாக்டர் கட்டைவிரலுக்கு அடியில இருக்கிற குழியில ஒரு அழுத்து அழுத்தினார். உயிர் போய் வந்தது. "படத்துல இல்ல, இருந்தாலும் மாவுக்கட்டு போட்டுடலாம்"னார். எனக்குச் சரியான கோபம். படமே நல்லா இருக்குன்னு சொல்லும்போது, விரல் என்ன பெரிய சாட்சி?

அந்தக் கோபத்தோட படிக்க ஆரம்பிச்சு, ஏப்ரகாம் காலிஸ் கிட்ட போய்ச் சேர்ந்தேன். டப்ளின் நகர அறுவை மருத்துவர். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆர எலும்பு முறிவதைப் பற்றி 1814-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரைக்கும் பல மருத்துவர்கள் அதை மூட்டு விலகல்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. காலிஸ் கவனிச்சது இதுதான்: கையைப் பிடித்து இழுத்தால் கோணல் மறையும், விட்டதும் திரும்ப வந்துடும். மூட்டு விலகியிருந்தா, ஒரு தடவை பொருத்தினதும் நிற்கணும் இல்லையா? நிற்கலைன்னா, உள்ளே எலும்பு முறிஞ்சிருக்கு. இதைச் சொல்ல அவருக்கு இருந்தது கையும் கண்ணும் மட்டும்தான். எக்ஸ்ரே வர இன்னும் 81 வருஷம் இருந்தது. இன்னைக்கும் அந்த முறிவுக்கு அவர் பேர்தான்.

1895 நவம்பர் 8-ல் ஜெர்மனியில ரோன்ட்கென் அந்தக் கதிரைக் கண்டார். மூணு மாசம்கூட ஆகலை. 1896 பிப்ரவரி 3, அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரி. பனிச்சறுக்கில் விழுந்து மணிக்கட்டை முறிச்சுக்கிட்ட 14 வயசு எடி மெக்கார்த்தியை மருத்துவர் கில்மன் ஃப்ராஸ்ட் கூட்டிட்டு வந்தார். படம் எடுத்தது அவர் தம்பி எட்வின், வானியல் பேராசிரியர்! பையன் 20 நிமிஷம் கையை அசைக்காம வச்சிருந்தான். முறிவு தெளிவா விழுந்தது.

அப்போ என் கையில ஏன் விழலை? அது படகு எலும்பு. முந்திரிப்பருப்பு அளவுதான் இருக்கும். மயிரிழை விரிசல் விட்டா, முதல் நாள் நிழலே விழாமப் போகலாம். முறிஞ்ச இடத்துல முதல்ல ரத்தம் உறையும். அப்புறம் உடம்பே ஓரங்களைக் கொஞ்சம் அரிச்சுச் சுத்தம் பண்ணும். அதனாலதான் ரெண்டு வாரம் கழிச்சுக் கோடு தெரிய ஆரம்பிக்கும். குருத்தெலும்பு உருவாகி, அதுல சுண்ணாம்புச் சத்து ஏறி, நிஜ எலும்பா மாற மாசக்கணக்காகும். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் பின்னோக்கிப் போகுது. நடுவுல முறிஞ்சதைக் கவனிக்காம விட்டா, பின்பாதி ரத்தமில்லாம செத்துப்போகக்கூடும்.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி படம் எடுத்தாங்க. டாக்டர் பேனா நுனியால காட்டினார். முடி மாதிரி ஒரு கோடு, சரியா அவர் அன்னைக்கு அழுத்தின இடத்துல. நான் ஒண்ணும் பேசலை. இன்னும் பத்து வாரம் இடது கையால சாம்பார் சாதம் சாப்பிடணும்கிற கவலைதான் அப்போ இருந்தது.