தரை டிக்கெட் தோழர்கள்

1/ மூங்கில்துறைப்பட்டு பக்கம் அறுபது வயசு தாண்டினவங்ககிட்ட டென்ட் கொட்டாய் பத்திக் கேட்டுப் பாருங்க. படத்தை விட, கூட யார் யார் போனாங்கன்னுதான் முதல்ல சொல்வாங்க.

2/ இதுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே ஊழியர். 1905ல் திருச்சியில் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார்.

3/ பல கொட்டாய்களில் ஒரே புரொஜெக்டர்தான். ரீல் மாத்தும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கும் அரட்டையும் அப்போதான். மணலைக் குவித்து உயரமா உட்கார்ந்தா பின்னாடி இருந்து சத்தம் வரும்!

4/ 1975ல் சென்னைக்கு டிவி வந்தது. பிறகு வீடியோ டெக். படம் வீட்டுக்குள்ள வந்தது, கூட்டம் கலைந்தது.

5/ 2023ல் உலக சுகாதார நிறுவனம் தனிமையை ஆராய ஒரு ஆணையமே அமைத்தது. தனிமை இதயத்தையும் பாதிக்கும்ங்க. இந்த வாரம் பழைய கூட்டாளி ஒருத்தரைக் கூப்பிட்டு, சேர்ந்து ஒரு படம் பாருங்க.