வெட்டுக் கருவிகள், சிறு (திருவண்ணாமலைப் பிரதேசம்)

உலோகத்தைச் செதுக்கவும் கடையவும் துளைக்கவும் தேய்த்துச் சமன்செய்யவும் கையில் அடங்கும் அளவில் செய்யப்படும் கடினமான உபகரணங்கள் சிறு வெட்டுக் கருவிகள் எனப்படும். வெட்டிரும்பு, அரம், டிரில் பிட், துளையைச் செம்மையாக்கும் ரீமர், மரை போடும் டேப், லேத்தில் பூட்டும் டூல் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவை யாவற்றுக்கும் பொதுவான லக்ஷணம் இரண்டு: வெட்டப்படும் பொருளைவிட வெட்டும் முனை கடினமாயிருக்க வேண்டும், அவ்வாறு கடினமாயிருந்தும் அடிபட்டால் நொறுங்காதிருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு குணங்களையும் ஒரே இரும்புத் துண்டில் இசைவிப்பதே கருவி செய்வோனின் வித்தை.

எஃகின் பூர்விகம்

திருவண்ணாமலையை அடுத்த கவுத்தி மலையும் வேடியப்பன் மலையும் காந்த இரும்புக் கனிமம் செறிந்தவை. அண்டைப் பிரதேசமான கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் நிகழ்ந்த அகழாய்வு, இரும்பின் உபயோகம் கி.மு. 2172 அளவிலேயே தமிழகத்தில் இருந்தமையை நிலைநாட்டியிருக்கிறது. இச்செய்தி 2022இல் வெளியிடப்பட்டது. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலம் தொட்டு நடப்பட்ட நடுகற்களில், ஆநிரை காக்கவும் கவரவும் பொருது மாண்ட வீரர்கள் வில்லும் வாளும் குறுவாளும் ஏந்தி நிற்கும் கோலத்தைக் காணும்போது, அந்த வாளுக்கு முனை ஏற்றிய கொல்லனின் உலைக்களமும் அவ்வூர்களை அடுத்தே இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இரும்பை எஃகாக்கும் தென்னாட்டு முறை உலகப் புகழ் வாய்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தைத் துறந்து 1830இல் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், 1839இல் வெளியான தமது கட்டுரையில் இம்முறையை விவரித்திருக்கிறார். அரை ராத்தல் முதல் இரண்டு ராத்தல் வரை எடையுள்ள இரும்புத் துண்டுகளை நெருப்புக்குத் தாங்கும் களிமண் மூசையில் இட்டு, அவ்வெடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிறுசிறு துணுக்குகளாக நறுக்கிச் சேர்த்து, மேலே ஓரிரண்டு எருக்கிலைகளை மூடி, மூசையின் வாயைப் பிசைந்த மண்ணால் அடைத்துவிடுவார்கள். மண் காய்ந்ததும் இத்தகைய மூசைகள் இருபது, இருபத்து நான்கைச் சிறிய உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, ஆட்டுத்தோல் துருத்திகளால் சுமார் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பின் மூசையை உடைத்தால், அடியில் அடை போல் உறைந்து கிடப்பது எஃகு. வேலியோரம் மண்டிக் கிடக்கும் ஆவாரையும் எருக்கும் இரும்பினுள் கரியைப் புகுத்தும் சாதனங்களாயின. அக்கரியே இரும்பை எஃகாக்குகிறது என்ற சாஸ்திர உண்மை பெயரிட்டு அறியப்படாத காலத்திலேயே, கைப்பக்குவமாக அது இங்கு கையாளப்பட்டு வந்தது.

ஐரோப்பியர் இவ்வெஃகை ‘ஊட்ஸ்’ என்றனர். அது ‘உருக்கு’ என்னும் நம் சொல்லுக்கு இனமான ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லின் திரிபு என்பர். ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் இதைப் பற்றி ஆய்வுரை வாசித்தார். கத்தி, ரண சிகிச்சைக் கருவி ஆகியவற்றைச் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இதைத் தம் தொழிலில் உபயோகித்ததுடன், மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகள் குறித்த பரிசோதனைகளை 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் மூசைச் சில்லுகளைக் கண்டெடுத்து ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அங்கு மிகுகரி எஃகு வார்க்கப்பட்டதை 1990களில் எடுத்துக்காட்டினார்.

ஹீத்தின் ஆலை நலிந்த பின் 1853இல் தோன்றிய கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி, அப்போது தென்னார்க்காட்டில் அடங்கியிருந்த திருவண்ணாமலையிலும் ஊதுலை எழுப்பியது. அம்முயற்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை.

கல்லுளியும் கோயிலும்

217 அடி உயரமும் பதினொரு நிலைகளும் கொண்டு, கிருஷ்ணதேவராயரால் தொடங்கப்பெற்றுத் தஞ்சை செவ்வப்ப நாயக்கரால் நிறைவேறிய அருணாசலேசுவரர் ஆலயத்து ராஜகோபுரத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் காண்பவர்கள் சிற்பியைப் போற்றுகிறார்கள். சிற்பியின் உளியைத் தீட்டித் தந்த கொல்லனை நினைப்பவர் அரியர். கருங்கல்லில் உளிமுனை வெகு சீக்கிரத்தில் மழுங்கும். ஆகையால் கல் வேலை நடக்கும் இடத்தருகே உலை ஒன்றும் எரிந்துகொண்டிருக்க, மழுங்கிய உளிகளைக் காய்ச்சி அடித்து முனையாக்கித் தோய்ச்சல் ஏற்றித் தருவது கொல்லனின் ஓயாத வேலை. கோபுரத்தின் ஒவ்வொரு கல்லிலும் அவனுடைய உழைப்பும் கலந்திருக்கிறது.

தோய்ச்சல்

தோய்ச்சல் ஏற்றுதல் இரண்டு படிகளாக நிகழ்வது. முதலில் கருவியின் முனையைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி நீரில் அல்லது எண்ணெயில் அமிழ்த்துவர். அப்போது எஃகு மிகவும் கடினமாகிறது. ஆனால் கண்ணாடி போல் உடையும். பின்பு முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மெல்லச் சூடேற்றினால், அதன்மீது வர்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வரும். ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் வெளிறிய வைக்கோல் நிறம். 240இல் கரும்பழுப்பான வைக்கோல் நிறம். 280ஐ ஒட்டி ஊதா. 300ஐ நெருங்கினால் நீலம். உலோகத்தைச் சுரண்டும் கருவிக்கு வைக்கோல் நிறத்திலும், சுத்தியால் அடிபடும் வெட்டிரும்புக்கு ஊதா நிறத்திலும் சூட்டை நிறுத்தி மீண்டும் அமிழ்த்த வேண்டும். ஒரு கண நேரம் தாமதித்தால் நிறம் கடந்துவிடும். கருவி மெத்தென்று போய்விடும்.

வகைப்பாடு

பொருள் வகையால் இக்கருவிகள் மூன்று.

கரி எஃகுக் கருவிகள் பழைமையானவை. வெட்டும்போது எழும் வெப்பம் 250 பாகையைக் கடந்தால் இவை கடினம் இழக்கும்.

அதிவேக எஃகுக் கருவிகள், அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லரும் மான்ஸல் ஒயிட்டும் கண்ட வெப்பப் பதமுறையின் பயனாய் 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் உலகைத் திகைக்கவைத்தவை. 18 பங்கு டங்ஸ்டன், 4 பங்கு குரோமியம், 1 பங்கு வனேடியம் கலந்தது பிற்காலத்தில் நிலைபெற்ற பிரசித்தமான கலவை. முனை செந்நிறம் கொள்ளும் சூட்டிலும் இவை வெட்டும்.

மூன்றாமவை கார்பைடு கருவிகள். ஜெர்மனியின் குருப் நிறுவனம் 1926 முதல் ‘விடியா’ என்ற பெயரில் இவற்றை விற்றது. வைரத்தைப் போன்றது என்பது அப்பெயரின் பொருள்.

முனை வகையால் ஒருமுனைக் கருவி, பன்முனைக் கருவி என இரண்டு. லேத் டூல் முன்னதற்கும், டிரில், ரீமர், டேப், அரம் ஆகியவை பின்னதற்கும் உதாரணங்கள்.

ஆக்கமுறை: ஓர் உதாரணம்

சிறு பட்டறையிலேயே செய்யத்தக்க எளிய கருவி, அரைவட்டத் துளைக்கருவி. பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவி எஃகுக் கம்பியின் நுனியை, சரிபாதியாக ஐந்து மில்லிமீட்டர் தடிப்பு நிற்கும்வரை அராவி, மைக்ரோமீட்டரால் அடிக்கடி அளந்துகொள்ள வேண்டும். நுனியின் பின்புறத்தைச் சற்றுச் சரிவாகத் தேய்த்து, வெட்டும் விளிம்பு மட்டும் முன்னிற்கச் செய்து, காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி, வைக்கோல் நிறத்துக்குத் தோய்ச்சல் ஏற்றி, எண்ணெய்க் கல்லில் தீட்டினால் கருவி தயார். முன்னரே சிறிது தொடங்கிய துளையில் செலுத்தினால், அதன் வட்ட முதுகே வழிகாட்டியாக நின்று துளையைக் கோணாது கொண்டுசெல்லும்.

பயிற்சி

பரம்பரைக் கொல்லர் குடும்பங்களில் பையனின் முதற்பாடம் துருத்தி ஊதுவது. நெருப்பின் நிறத்தைக் கண் பழகிய பின்பே குறடும், அதன் பின்பே சுத்தியும் கைக்கு வரும். கடைசல் பட்டறைகளிலும் இதே கிரமம்தான்: இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுவதில் தொடங்கி, சாணை பிடிப்பதில் தேறி, லேத்தின் முன் நிற்கும் உரிமையைப் பெறுவது.

1950இல் இந்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழி தொழிற்பயிற்சி நிலையங்கள் தோன்றின. திருவண்ணாமலையிலும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் நடைபெறுகிறது. பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் ஆகிய தொழில்கள் ஈராண்டுப் படிப்புகள். 1961இல் வந்த தொழிற்பழகுநர் சட்டம் ஆலைகளில் பழகும் வாய்ப்பை முறைப்படுத்தியது.

பிட்டர் மாணவன் வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்துப் பட்டை அரத்தால் சமதளமாக அராவுவதையே முதல் வாரங்களில் பயில்கிறான். அரம் முன்னே செல்லும்போது இரு கைகளின் அழுத்தமும் மாறிக்கொண்டே வர வேண்டும். மாறாவிடில் தளத்தின் இரு ஓரங்களும் தாழ்ந்து நடு முதுகு புடைக்கும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இடுக்கில் தெரியும் ஒளிக்கீற்று அந்தப் பிழையைக் காட்டிவிடும்.

டிரில் பிட்டைச் சாணை பிடித்தல் அடுத்த பெரும் பரீக்ஷை. முனைக் கோணம் 118 பாகை. இரு விளிம்புகளும் சம நீளமாயிருத்தல் வேண்டும். ஒன்று நீண்டால் துளை அளவுக்கு மிஞ்சிப் பெரிதாகும். சரியாகத் தீட்டிய பிட்டை மெல்லிரும்பில் இறக்கும்போது இரண்டு பள்ளங்களிலிருந்தும் ஒரே தடிப்பில் சுருள் எழுந்து வரும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பிழை எந்த விளிம்பில் என்பது அப்போதே விளங்கும். லேத் டூலை மையத்தின் உயரத்துக்கு நேராகப் பூட்டுவதும், முன்சரிவும் பக்கச்சரிவும் அறிந்து தீட்டுவதும் இவ்வாறே கைப்பழக்கத்தால் வருபவை. புத்தகம் கோணத்தைச் சொல்லும். கோணத்தை உணர்வது விரல். தன் கருவியைத் தானே தீட்டக் கற்றவனே தொழிலாளி என்ற பெயருக்கு உரியவன். அந்தக் கல்வியின் தாயகம் பட்டறை.

இன்றைய நிலை

1873இல் சென்னையில் தோன்றிய அடிசன் முதலிய நிறுவனங்களின் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. செய்யாறு சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளுக்குக் கணினி இயக்கும் எந்திரங்களும், மழுங்கினால் கழற்றி மாற்றும் கார்பைடு முனைகளும் வந்துவிட்டன. பழுது பார்க்கும் லேத் பட்டறைகளில் சாணைக்கல் இன்னும் சுழல்கிறது.