சாத்துக்குடி

சாத்துக்குடி என்பது எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் ஒரு சிறுமரமும் அதன் பழமும் ஆகும். தாவரவியலில் இது இனிப்பு ஆரஞ்சின் ஒரு வகை. தமிழகக் கடைகளில் "ஆரஞ்சு" அல்லது "கமலா" என்று விற்கப்படும், தோல் எளிதில் உரியும் பழம் மாண்டரின் என்னும் வேறு இனம். எனவே பள்ளிப் பாடநூல்களில் வரும் ஆரஞ்சுக்கு நம்மிடம் மிக நெருக்கமானது கமலா அன்று, சாத்துக்குடியே. இலங்கைத் தமிழர் இனிப்பு ஆரஞ்சைத் தோடம்பழம் என்பர்.

பெயர்

அன்றைய வட ஆர்க்காட்டில், இன்றைய வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டுக்கு அருகில் உள்ள சாத்கர் என்ற ஊரின் பெயரே பழத்திற்கு வந்தது என்றொரு விளக்கம் உண்டு. ஆர்க்காட்டு நவாபுகளின் தோட்டங்கள் இருந்த இவ்வூர் ஆரஞ்சுக்குப் பெயர் பெற்றது. அரக்கோணமும் திருத்தணியும் அதே பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் அடங்கியவையே. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது திருத்தணி அதனுடன் சென்று, 1960இல் மீண்டும் தமிழகத்துடன் இணைந்தது.

எல்லைக்கு அப்பால் தெலுங்கில் இப்பழம் பத்தாயி எனப்படுகிறது. இது ஜகார்த்தாவுக்கு டச்சுக்காரர் இட்ட பத்தாவியா என்ற பெயரின் திரிபு. மகாராட்டிரத்து மோசம்பி, மொசாம்பிக் நாட்டின் பெயரைத் தாங்கிய மற்றொரு இனிப்பு ஆரஞ்சு வகை. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பரவலான பிழை.

ஆரஞ்சு என்ற சொல்லும் நெடுந்தூரம் பயணித்தது. வடமொழி நாரங்க, பாரசீகம், அரபு வழியே ஐரோப்பா சென்று முதலெழுத்தை இழந்தது. அதன் வேர் நாரத்தை என்ற சொல்லோடு உறவுள்ள திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

தோற்றம்

இனிப்பு ஆரஞ்சு காட்டில் தானாக வளர்ந்த இனம் அன்று. பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து உருவான கலப்பினம் என்பதை 2013இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு உறுதி செய்தது. தென் சீனமும் அதை ஒட்டிய பகுதிகளும் இதன் தாயகமாகக் கொள்ளப்படுகின்றன.

சாகுபடி

ஆந்திரத்தின் இராயலசீமையும் தெலங்கானத்தின் நல்கொண்டாவும் சாத்துக்குடி மிகுதியாக விளையும் பகுதிகள். அரக்கோணத்திலிருந்து திருத்தணி, ரேணிகுண்டா வழியாக மும்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள கோடூரும் அதன் சுற்றுப்புறமும் பழத்தோட்டங்களுக்குப் பெயர் பெற்றவை.

நீர் தேங்காத மண் இன்றியமையாதது. கன்றுகள் ரங்கபுரி எலுமிச்சை அல்லது ஜம்பேரி எனப்படும் வேர்ச்செடியின் மீது மொட்டு ஒட்டுக் கட்டி உருவாக்கப்படுகின்றன. விதையிலிருந்து வரும் மரம் பெரும்பாலும் தாயைப் போலவே இருக்கும். ஆனால் முட்கள் மிகுதி, காய்க்கவும் காலம் பிடிக்கும். 7 மீட்டர் இடைவெளியில் நட்டால் எக்டருக்குச் சுமார் 204 மரங்கள் கொள்ளும். ஒட்டுக் கன்று ஐந்தாம் ஆண்டளவில் பலன் தரத் தொடங்குகிறது.

ஒட்டுப்பகுதி நிலத்திலிருந்து சற்று உயரத்தில் இருக்கவேண்டும். பாசன நீர் அடித்தண்டைத் தொடக்கூடாது. தொட்டால் ஒரு வகைப் பூசணம் பட்டையைத் தாக்கிப் பிசின் வடியச் செய்யும். இதற்காகவே மரத்தைச் சுற்றி இரட்டை வட்டப் பாத்தி அமைத்து, வெளி வட்டத்தில் மட்டும் நீர் விடுவர்.

பூக்கும் பருவத்தை விவசாயி ஓரளவு தேர்ந்தெடுக்க இயலும். சில வாரங்கள் நீரை நிறுத்தி மரத்தை வாடவிட்டு, பின்னர் உரமிட்டு நீர் பாய்ச்சினால் மரம் ஒருசேரப் பூக்கும். பூவிலிருந்து பழம் பறிக்க ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும்.

அந்த வாட்டம் விவசாயியின் கையில் இருக்கும்வரையே நன்மை. இராயலசீமையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிய ஆண்டுகளில், வண்டியில் நீர் வாங்கி ஊற்றியும் காப்பாற்ற முடியாமல், காய்க்கும் மரங்களையே விவசாயிகள் வெட்டியுள்ளனர். நெல் பொய்த்தால் இழப்பு ஒரு போகம்; தோட்டம் பட்டுப்போனால் மீண்டும் ஐந்து ஆண்டுகள்.

நோய்கள்

அசுவினி பரப்பும் திரிசுத்தேசா நச்சுயிரி மரத்தைப் படிப்படியாக நலிவடையச் செய்யும். அதைவிடக் கொடியது, சிறு பூச்சியொன்று பரப்பும் பாக்டீரியாவால் வரும் பச்சையாதல் நோய். இதற்கு மருந்து இல்லை. 2005இல் இந்நோய் கண்டறியப்பட்ட அமெரிக்காவின் புளோரிடாவில், 2003–04இல் சுமார் 24 கோடிப் பெட்டிகளாக இருந்த ஆரஞ்சு விளைச்சல் 2022–23இல் 1.6 கோடிப் பெட்டிகளாகச் சுருங்கியது. சூறாவளிகளும் அதற்குத் துணைபோயின. நோயற்ற நாற்றங்கால் கன்றுகளை வாங்குவதே முதல் தற்காப்பு.

பழுத்தலும் நிறமும்

சாத்துக்குடி பச்சையாக இருப்பதால் அது காய் என்று பொருளன்று. தோலின் பச்சையம் குறைந்து மஞ்சள் நிறம் வெளிப்படக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். வெப்பச் சமவெளியில் அது முழுமையாக நிகழ்வதில்லை. மாம்பழம், வாழைப்பழம் போலப் பறித்தபின் இது மேலும் பழுக்காது. எத்திலீன் வளிமம் செலுத்தித் தோலை மஞ்சளாக்கலாம், உள்ளே இனிப்பு கூடாது.

பயன்கள்

100 கிராம் ஆரஞ்சில் சுமார் 50 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி உள்ளது. 1747இல் சேம்சு லிண்டு என்னும் கப்பல் மருத்துவர், ஈறுகளில் குருதி கசியும் நோயுற்ற மாலுமிகளில் இருவருக்கு நாள்தோறும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அவர்கள் விரைவில் தேறியதைக் கண்டார். காரணமான சத்து அடையாளம் காணப்பட்டது 1930களில்தான்.

தமிழகத்தில் இப்பழம் பெரும்பாலும் சாறாகவே அருந்தப்படுகிறது. பிழிந்து வைத்த சாறு கசப்பதற்குக் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. பழத்தில் கசப்பற்ற நிலையில் உள்ள ஒரு பொருள், திசுக்கள் நசுங்கியபின் சாற்றின் அமிலத்தால் மெல்ல லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. விதை நசுங்கினால் கசப்பு மேலும் கூடும். தோலிலிருந்து நறுமண எண்ணெயும், பழக்கூழை உறையவைக்கும் பெக்டினும் பிரித்தெடுக்கப்படுகின்றன.