ஜார்ஜ் டவுனில் ஒரு மதில்

1842 ஜனவரியில் அயர்லாந்திலிருந்து சில கன்னியாஸ்திரீகள் மதராஸ் வந்து சேர்ந்தார்கள். அன்று அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்க, மசூலாப் படகில் அலைகளைத் தாண்டித்தான் கரையேற வேண்டும். மதர் சேவியர் கர்ரன் தலைமையில் வந்த அந்தப் பிரசன்டேஷன் சபையினருக்குக் கறுப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில், இடம் அமைந்தது. கம்பெனிப் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் கல்வி தருவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. இந்தியாவில் பிரசன்டேஷன் கான்வென்ட்களின் வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது. கான்வென்ட் என்றால் ஆங்கிலம் என்றே நாம் பழகிவிட்டோம். ஆனால் தமிழ்நாட்டுப் பெண்கல்விக்கு இந்தப் பள்ளிகள் தந்த பெரிய கொடை ஆங்கிலம் அன்று. நகரத்தின் நடுவே, பெண்களே நடத்தும், பெற்றோர் நம்பி அனுப்பக்கூடிய ஓர் இடத்தை அவை உருவாக்கிக் காட்டின. அதுதான் பெருங்கொடை என்பது என் துணிபு.

பெண் குழந்தைகள் பள்ளிக்கு வராததற்கு வறுமையும் குழந்தை மணமும் காரணங்கள்தாம். ஆனால் மகளைப் படிக்கவைக்க விரும்பிய வீட்டையும் தடுத்து நிறுத்தியவை வேறு இரண்டு கேள்விகள்: யார் கற்பிப்பது? எங்கே உட்கார்ந்து படிப்பது? ஆண் வாத்தியாரிடம் வயது வந்த பெண்ணை அனுப்பப் பெரும்பாலான குடும்பங்கள் துணியவில்லை. ஆசிரியை கிடைக்க வேண்டுமானால் முதலில் படித்த பெண் வேண்டும். படித்த பெண் வேண்டுமானால் ஆசிரியை வேண்டும். 1882இல் அமைந்த ஹன்டர் கல்விக் கமிஷனும் ஆசிரியைகளையும் பெண் ஆய்வாளர்களையும் உருவாக்க வேண்டும் என்றே வலியுறுத்தியது. அதற்குப் பிறகும், 1901 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆசிரியை இல்லாமல் மாணவி இல்லை, மாணவி இல்லாமல் ஆசிரியை இல்லை என்ற இந்தச் சிக்கலை கான்வென்ட்கள் வெளியிலிருந்து அவிழ்த்தன. ஆசிரியைகள் கடல் கடந்து வந்தார்கள், பள்ளி வளாகத்திலேயே குடியிருந்தார்கள், ஆயுள் முழுவதும் அதே வேலையில் இருந்தார்கள்.

இடமும் ஒரு வாதம்தான். நடந்தோ வண்டியிலோ போய் மாலைக்குள் வீடு திரும்ப முடிந்தால்தான் பெண் பிள்ளை பள்ளியில் நிலைப்பாள். சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கியிருந்தது. 1909இல் இதே சபையினர் சர்ச் பார்க் பள்ளியை நிறுவியது நகரின் முதுகெலும்பான மவுண்ட் ரோட்டில். ஊருக்கு வெளியே மலிவாக நிலம் வாங்கியிருந்தால் விடுதியில் சேர்க்க வசதியுள்ளவர்களின் மகள்கள் மட்டுமே அங்கே படித்திருப்பார்கள். சந்தடி மிகுந்த சாலையை ஒட்டி நின்றதால்தான் அது அன்றாடம் போய்வரும் பள்ளியாக இருக்க முடிந்தது.

இந்த முன்மாதிரி கிறிஸ்தவ வட்டத்துக்குள் முடங்கியிருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. 1886இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணான ஆர்.எஸ்.சுப்புலட்சுமி சென்னை பிரசன்டேஷன் கான்வென்டில் படித்தவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இளம் கைம்பெண்களுக்காகச் சாரதா இல்லத்தைத் தொடங்கினார். அந்த விடுதி பின்னர் மெரினாவின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல்வரானார். வீடு ஒதுக்கிவைத்த பெண்கள் அவரிடம் படித்து ஆசிரியைகளானார்கள். கன்னியாஸ்திரீகளின் தொண்டுதான் தனக்கு ஊக்கமளித்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஊர் அவரை சிஸ்டர் சுப்புலட்சுமி என்றே அழைத்தது.

மதமாற்றத்துக்கான வாசல்தானே இவை என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். மிஷன்களுக்குச் சமய நோக்கம் இருந்தது உண்மை. ஆனால் சுப்புலட்சுமி இந்துவாகவே வாழ்ந்தார். கான்வென்டில் கண்ட ஒழுங்கையும் அர்ப்பணிப்பையும் எடுத்துக்கொண்டு இந்துக் கைம்பெண்களுக்கான நிறுவனத்தைக் கட்டினார். வசதி படைத்தவர்களின் பள்ளிகளாக இவை மாறிவிட்டன என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. அதை மறுக்க நான் முயலமாட்டேன். கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்தச் சட்டம் தடை விதித்திருந்த காலத்தில், அயர்லாந்தின் கார்க் நகரச் சந்துகளில் ஏழைக் குழந்தைகளுக்கு மறைவாகப் பாடம் சொன்னவர் நேனோ நேகிள். 1775இல் பிரசன்டேஷன் சபையை நிறுவியவர் அவர். அவர் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு பள்ளியும் அந்தத் தொடக்கத்தை அளவுகோலாக வைத்தே தன்னை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் மதிலைப் பற்றியது. பெண்ணை மதிலுக்குள் வைப்பது விடுதலையா? கணியூரில் இருந்து எழுதும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் திருப்பூர், கோவை வட்டார நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், திருமணத்துக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி இளம் பெண்களை மூன்றாண்டுக் காலம் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கியதை நாம் அறிவோம். அங்கும் மதில் உண்டு, வார்டன் உண்டு, பெற்றோருக்குப் ‘பாதுகாப்பு’ என்ற வாக்குறுதியும் உண்டு. ஆகவே மதில் தன்னளவில் எதையும் தந்துவிடாது. உள்ளே போன பெண் என்னவாக வெளியே வருகிறாள் என்பதே கேள்வி. கான்வென்ட் மதிலுக்குள் போன ஒரு கைம்பெண் வெளியே வந்து பட்டதாரியாகி நூற்றுக்கணக்கானவர்களுக்கு வழி திறந்தார். பெற்றோரின் அச்சத்தை முதலாக்கி உழைப்பைப் பெறுவதும், அதே அச்சத்தைத் தணித்து அறிவைத் தருவதும் ஒன்றாகாது. நம் பனியன் ஊர்களுக்கு வேலை தேடி வரும் பெண்களுக்கு விடுதிகள் கட்டினால் போதாது. வேலை முடிந்து நடந்தே போய்ப் படிக்கும் தூரத்தில், ஊரின் நடுவிலேயே, அவர்கள் கல்வியைத் தொடர ஏற்பாடு வேண்டும். 1842 நமக்குச் சொல்லும் பாடம் அதுதான்.